பத்தாம் நம்பர் மலையில் இருந்தவர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அந்த மிருகத்துக்கு ஐந்து பேர் இருந்தன. பங்களாவில் ஒன்று, ஆபீசில் ஒன்று, கீழே இருந்த சிங்களக் கிராமத்தில் இரண்டு, எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் ஒன்று. லயத்துப் பேர்தான் இருப்பதிலேயே சின்னது. இரண்டே எழுத்து, புலி. அந்த இரண்டு எழுத்தைச் சொல்ல மாட்டேன் என்று நின்றதற்காக என் நாத்தனாரின் பேரைச் செக்ரோல் என்ற வேலைப் பதிவுப் புத்தகத்திலிருந்து வெட்டினார்கள். நான் இப்போது ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மலை தூரத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அந்தப் பேரை இவ்வளவு சுலபமாகப் போட்டுவிட்டேன்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். புருஷனை இழந்தவள், ஒரே மகன். நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் லயத்து ஒற்றை அறைக் காம்பரா அவள் பேரில் பதிந்திருந்தது. நானும் வீட்டுக்காரரும் எட்டு மாதக் கைக்குழந்தையும் அந்தக் காம்பராவில் ஒண்டிக்கொண்டிருந்தோம். இதை அவள் சாப்பாட்டுக்கு முன் ஒருதரம், பின் ஒருதரம் எனக்கு நினைவுபடுத்துவாள். எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. அவள் வைக்கும் ரசத்தை நான் குறை சொல்வேன், நான் பெருக்கிய வாசலை அவள் மறுபடி பெருக்குவாள்.

தோட்டம் முழுக்க அவள் வாய்க்குப் பயந்தது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு அவள் வைத்த பேர் அவிச்ச பீட்ரூட். காற்சட்டைக்குக் கீழே முழங்கால்வரை வெள்ளைக் காலுறை மாட்டிக்கொண்டு மலையில் நடக்கும் கண்டாக்கு ஐயாவுக்குக் கொக்கு. மழை விடாமல் பெய்தால் முனியாண்டிச் சாமியைக்கூட அவள் விட்டுவைக்க மாட்டாள், கண் அவிந்துபோனவரே என்று ஆரம்பித்து நான் இங்கே எழுத முடியாத இடத்தில் முடிப்பாள். இப்பேர்ப்பட்ட வாயிலிருந்து வராத சொல் ஒன்று உண்டு என்பதே எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது.

நாடு சுதந்திரம் அடைந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். சுதந்திரம் வந்த கையோடு எங்கள் ஓட்டுரிமையை எடுத்துக்கொண்டார்கள். இந்த நாட்டு ஆள்தான் என்பதற்குக் கடுதாசி காட்டு என்றார்கள். எங்களிடம் இருந்தது மண்வெட்டியும் கொழுந்துக் கூடையும்தான். அந்த நேரத்தில் தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் வேலை போயிற்று, காம்பரா போயிற்று, போய்ச் சேர ஊரும் கிடையாது. எங்களில் ஒரு நாள் வேலையையே பேர் என்றுதான் சொல்வோம். முழு நாள் செய்தால் ஒரு பேர், பாதியில் விரட்டினால் அரைப்பேர். ஆக அந்தப் புத்தகத்தில் பேர் இல்லாத ஆள், ஆளே இல்லை.

மலையில் பேர் சொல்லாத வழக்கம் இதுதான். எங்களில் தேயிலை நட்ட ஒவ்வொரு பகுதியும் ஒரு மலை, அதற்கு ஒரு நம்பர். ஒவ்வொரு மலை உச்சியிலும் குங்குமம் பூசிய கல் ஒன்று இருக்கும். அந்த மிருகத்தைக் கண்ணால் பார்த்தவர், அந்த மலைக் கல்லுக்குச் சேவல் கொடுத்துப் பூசை வைக்கும்வரை அதன் பேரை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் அது சொன்னவர் குரலைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வந்துவிடும். பூசை, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துத் தொடங்கும்போதுதான் நடக்கும். இடையில் வைக்க வேண்டுமானால் அந்த மலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் கல்லுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். எந்த உத்தியோகத்தர் வந்து நிற்பார்? அதுவரை பார்த்தவர் 'அவரு' என்றுதான் சொல்ல வேண்டும். புருஷனையும் நாங்கள் அவரு என்றுதான் சொல்வோம். இரண்டு பேரும் எப்போது வருவார்கள், என்ன மனநிலையில் வருவார்கள் என்று தெரியாது, அதனால் பொருத்தமாகத்தான் இருந்தது.

பேர் சொல்ல விரும்பியவர்களுக்கும் பஞ்சமில்லை. துரை பங்களாச் சுவரில் புள்ளி போட்ட தோல் ஒன்று நாலு காலையும் விரித்துத் தொங்கும். அவர் அதைச் சீத்தா என்பார். அந்தச் சொல்லுக்குப் புள்ளி உள்ளது என்று அர்த்தமாம், வடக்கே இந்தியாவில் வேறொரு பிராணிக்கு வைத்த பேராம். வெள்ளைக்காரன் அதைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே இருந்த அப்பாவி மேல் மாட்டிவிட்டான் என்று பின்னால் படித்தேன். கீழ்க் கிராமத்திலிருந்து போஞ்சி, லீக்ஸ் என்று காய்கறி கொண்டுவரும் சிங்களக்காரர் கொட்டியா என்பார். பள்ளிக்கூடத்தில் படிக்கும் அவருடைய மகள், கொட்டியா இல்லை அப்பச்சி, திவியா என்று திருத்துவாள். அவர் அவளை முறைத்துவிட்டு மறுபடியும் கொட்டியா என்பார்.

கண்டாக்கு ஐயா யாழ்ப்பாணத்தவர். மலையில் வேலையைப் பார்த்து, கொழுந்து எடுப்பவர்களை ஏவுவது அவர் உத்தியோகம். தமிழைக் காப்பாற்றுவது அவர் தாமாக எடுத்துக்கொண்ட உத்தியோகம். அவரிடம் தலையணை கனத்தில் ஓர் அகராதி இருந்தது. எங்கள் பேச்சைக் கேட்டால் அவருக்குப் பல் கூசும். இந்தத் தீவில் புலியே கிடையாது, இருப்பது சிறுத்தை மட்டும் என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே எங்களுக்குப் பாடம் எடுப்பார். சிறுத்தை என்றால் சிறியது என்று அர்த்தம், ஆகையால் பயப்பட வேண்டியதில்லை என்பது அவர் கட்சி. அப்படிப் பேர் வைத்தவன் அதைத் தூரத்து மலையிலிருந்து பார்த்திருப்பான் என்று மதினி சொன்னாள். சரி, புலி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று நான் ஒருமுறை அவரைக் கேட்டேன். அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு மூலம் கொடுக்கவில்லை என்றார். கொஞ்சம் அவமானப்பட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

சம்பவம் நடந்தது பத்தாம் நம்பர் மலையில், காலை பத்து மணி வெயிலில். அந்த மலைக்குக் கீழே ஓர் ஓடை, ஓடையின் இரு கரையிலும் ஆள் உயரத்துக்கு மானாப்புல். மதினிக்குக் கடைசி நிரை, ஓடையை ஒட்டியது. நான் அவளுக்கு மேலே மூன்றாவது நிரையில் இருந்தேன். அவள் கை நின்றதைப் பார்த்தேன். அவள் கை நின்று நான் பார்த்ததே இல்லை, வாயும் சேர்ந்து நின்றிருந்தது. பிறகு முதுகைத் திருப்பாமல், கூடையோடு பின்னால் பின்னால் ஏறி வந்தாள். என் பக்கத்தில் வந்து, "அவரு இருக்காரு, பாறை மேல படுத்துக் கைய நக்கிக்கிட்டு இருக்காரு" என்றாள்.

மலை முழுக்க ஒரே நிமிஷத்தில் காலியானது. கண்டாக்கு ஐயா வந்தார். ஓடையைப் பார்த்தார், மானாப்புல்லைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நிரைக்குப் போகாதவர்களுக்கு அரைப்பேர்தான் என்றார். ஒவ்வொருத்தியாக மேல் நிரைகளுக்குத் திரும்பினோம். நானும் திரும்பினேன். அரைப்பேருக்குப் பயந்து போனேன் என்று சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மதினி மட்டும் ரோட்டோரத்தில் கூடையை இறக்கி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலை செய்ய மறுத்தாள் என்று ஐயா ரிப்போர்ட் எழுதினார்.

மறுநாள் ஆபீசில் விசாரணை. துரை மேசைக்குப் பின்னால், கண்டாக்கு ஐயா பக்கத்தில், கிளாக்கர் செக்ரோலோடு ஒரு மூலையில். மதினி ஜன்னலுக்கு வெளியே நின்றாள். எங்களை உள்ளே விடும் வழக்கமில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் அவளுக்குப் பின்னால் நின்றோம். துரைமார் தமிழில் ஏவல் மட்டும்தான் உண்டு. போ, வா, வெட்டு, தூக்கு. ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டார். அங்கே அவரு இருந்தாருங்க என்றாள். அவள் சொன்னது யாரை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், சுவரில் உட்கார்ந்த பல்லிக்குக்கூட. ஆனால் கண்டாக்கு ஐயாவுக்கு அது போதவில்லை.

"பேரைச் சொல்லட்டும் சேர். எந்த மிருகம் எண்டு பேரைச் சொன்னால்தானே எழுதலாம்" என்றார்.

துரை பென்சிலால் மேசையைத் தட்டினார். "நீ பேர் சொல்லு."

மதினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துரையை என்னவெல்லாம் சொல்லலாம் என்று அவளுக்குத் தெரியும், கொக்கை என்ன சொல்லலாம் என்றும் தெரியும், ஒன்றையும் சொல்லவில்லை. துரை மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை அவர் முகம் அவிச்ச பீட்ரூட்டேதான். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சொல்லும்வரை பேர் வெட்டு, மாதக் கடைசிக்குள் காம்பராவைக் காலி செய் என்றார். கிளாக்கர் அடிமட்டத்தை வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டார். கோடு கோணாமல் இருக்க வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்ட கவனத்தைப் பார்த்து எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது.

லயத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் பெட்டிசம் எழுதுவது என் தலையில் விழுந்தது. அன்று சாயந்தரமே எழுத உட்கார்ந்தேன். 'மேன்மை தங்கிய துரை அவர்களுக்கு' வரைக்கும் நன்றாகப் போனது. அதற்கு மேல் மிருகம் வர வேண்டிய இடத்தில் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுதினாலும் சொன்ன மாதிரிதானாம். அப்படியானால் நாலு காலுள்ள ஒருவர் என்று போடட்டுமா என்றேன். மாடும் அப்படித்தானே என்றாள். வாலுள்ளவர் என்றேன். கொஞ்சம் யோசித்து, அந்த வால் உண்மையிலேயே அழகாக இருந்தது, வேண்டுமானால் வாலை எழுது என்றாள். வாலைப் பற்றி நாலு வரி எழுதினேன். படித்துப் பார்த்தால் பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் எழுதிய கடிதம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ரெண்டு எழுத்து மதினி, ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வந்தால் நாம் எல்லோரும் இந்தக் கூரைக்குக் கீழே இருக்கலாம் என்று கத்தினேன். அவள் திரும்பிக் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"புள்ளக்காம்பரா அந்த ஓடைக்கு மேலதான இருக்கு?" என்றாள். "நான் சொல்லி, அவரு அங்க வந்துட்டா? ஒம் மகளும் அங்கதான கெடக்கா."

கொழுந்து எடுக்கும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் பிள்ளைக்காம்பரா. ஆபீசிலிருந்து நூறு அடி. நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. என் எதிரே ஏணைச் சேலையில் என் மகள் வாயில் விரலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பேர் சொன்னால் வரும் என்பதை நான் நம்பினேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் நம்பினாள், நம்பியதற்காகத் தன் பேரைக் கொடுத்துவிட்டு வந்து ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த ரசத்தைக் குறை சொல்லாமல் குடித்தேன். வழக்கம்போல் புளி அதிகம்.

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. பெண்கள் பத்தாம் நம்பர் மலையின் மேல் பாதியில் மட்டும் கொழுந்து எடுத்தார்கள். கீழ்ப் பாதியில் கொழுந்து முற்றிக்கொண்டே போனது. ஓடையில் ஒன்றுமே இல்லை என்று எங்கள் கண்ணெதிரே நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று கண்டாக்கு ஐயாவுக்குத் தோன்றியது. ஒருநாள் காலையில் தொப்பியும் தடியுமாக வந்தார். கூடவே அவருடைய நாய், நல்ல கொழுத்த நாய், எங்கள் லயத்துப் பிள்ளைகளைவிடப் புஷ்டியாக வளர்ந்தது. சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு, நாங்கள் எல்லோரும் பார்க்க, நிரை வழியே கீழே இறங்கினார். மானாப்புல் அவரை மூடிக்கொண்டது. தொப்பி மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. நாய் ஒரே ஒரு தடவை கத்தியது.

அவர் ஏறி வந்த வேகத்தில் நான் மனிதரைப் பார்த்ததில்லை. தொப்பி இல்லை, ஒரு சப்பாத்து இல்லை, வெள்ளைக் காலுறை கணுக்காலில் சுருண்டு கிடந்தது. கையில் சங்கிலி இருந்தது, சங்கிலியின் மறுமுனையில் ஒன்றும் இல்லை. நாய்க்காக வருத்தப்பட்டோம், உண்மையாகவே. ஆனால் வருத்தப்பட்டுக்கொண்டே சிரிப்பை அடக்கிய வேலை, அன்று எடுத்த கொழுந்தைவிடக் கஷ்டமான வேலை.

துரை குதிரையில் வந்து சேர்ந்தார். என்ன நடந்தது, எது பிடித்தது என்று கேட்டார். ஐயா வாயைத் திறந்தார். சிறுத்தை என்ற சொல் அவர் தொண்டைவரை வந்ததை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அவர் எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால், மேட்டில், பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரையைப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அவர்தான் சேர்" என்றார்.

துரை எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. நான் அந்த மனிதரை அதுவரை மதித்ததில்லை. அன்றைக்கு மதித்தேன்.

சாயந்தரம் அவர் எங்கள் லயத்துக்கே வந்தார். வாசலில் நின்று, மதினியை முதல்முறையாக நீங்கள் போட்டு, பூசைக்கு என்ன என்ன வேண்டும் என்று கேட்டார். மதினி பட்டியல் சொன்னாள். சேவல் ஒன்று போதும் என்று எங்களுக்குத் தெரியும், அவள் இரண்டு என்றாள். மறுநாள் அவர் கல்லுக்கு முன்னால் சோடி சேராத சப்பாத்தோடு, அதாவது ஒரு காலில் புதுக் கான்வாஸ், மறுகாலில் பழைய தோல் என்று, கைகூப்பி நின்றார். பூசை முடிந்து கறி தின்னும்போது மதினி நல்ல துண்டாகப் பார்த்து அவருக்கு வைத்தாள். கொக்கு பாவம், மீன் கிடைக்காத ஊரில் இருக்கிறது என்று என் காதில் சொன்னாள். அவள் வாய் திரும்ப வந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பூசை ஆனதால் இனி அவள் அந்த மிருகத்தின் பேரைச் சொல்லலாம். துரை அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மறுபடி அதே ஜன்னல். இந்தத் தடவை தோட்டத்தில் பாதிப் பேர் வேலையை விட்டு வந்து நின்றார்கள். துரை பென்சிலைத் தட்டி, இப்போது சொல் என்றார்.

"மொதல்ல எம் பேர எழுதுங்க" என்றாள் மதினி.

துரை தலையாட்ட, கிளாக்கர் எழுதினார். சிவப்புக் கோட்டுக்குக் கீழே கறுப்பு மையில் புதிதாக எழுதினார். எழுதியதை எனக்குக் காட்டச் சொன்னாள். நான் ஜன்னல் கம்பிக்குள் தலையை விட்டுப் படித்துவிட்டுச் சரி என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அதோட தோலு ஒங்க பங்களாச் செவுத்துலதான் தொங்குதுங்க தொரை. பேரு என்னான்னு அதுகிட்டயே கேட்டுக்கங்க."

சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தாள். துரைக்கு அது புரிந்ததா, புரியாத மாதிரி இருந்துவிட்டாரா தெரியாது. அவள் பேர் அதன் பிறகு வெட்டப்படவில்லை. கடைசிவரை அவள் அந்தப் பேரைச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

செக்ரோலில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நாட்டில் எழுதவில்லை. பிரஜாவுரிமைக்கு நாங்கள் இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டிருந்தோம். இரண்டையும் நான்தான் எழுதினேன், ஒரே மையில், ஒரே மேசையில். எனக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளும் நானும் பிறந்தது அதே தோட்டத்தில், அடுத்தடுத்த லயங்களில். காரணம் கேட்டு அரசாங்கக் கந்தோருக்கு நடையாய் நடந்தோம். காரணம் சொல்லும் ஆள் எப்போதும் லீவில் இருந்தார். அறுபதுகளின் நடுவில் அவள் மகன் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தான். மகனோடு அவளும் போக வேண்டியதாயிற்று. அவள் அந்த நாட்டைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அழுவாள் என்று நினைத்தேன். ரசத்தில் இனிமேலாவது நீ உப்புப் போடக் கற்றுக்கொள் என்றாள். அழுதது நான்.

நான் டவுனுக்கு வந்து பல காலத்துக்குப் பிறகு, கீழே கடைக்குப் பத்திரிகை வாங்க வரும் வயதான சிங்கள வாத்தியார் ஒருவரிடம் திவியா என்றால் என்ன என்று கேட்டேன். பழைய பாஷையில் தீவு என்ற சொல்லிலிருந்து வந்தது என்றார். அதன் தோலில் உள்ள புள்ளிகள் கடலில் தீவுகள் சிதறிக் கிடப்பதுபோல் இருப்பதால் தீவுகளை உடையது என்று பேராம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அந்தப் பிராணிக்கு உடம்பு முழுக்கத் தீவு. அதை ஊருக்குள் வரவிடாமல் வாயைக் கட்டிக்கொண்டு நின்றவளுக்கு ஒரு தீவில் கால் வைக்க இடம் தரவில்லை.

அவளை ரயில் ஏற்றிய மறுநாள் எனக்குப் பத்தாம் நம்பர் மலையில் வேலை. கடைசி நிரை, அவளுடைய நிரை. மூத்த நாத்தனாரைப் பேர் சொல்வது எங்களில் வழக்கமில்லை. பன்னிரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவள் பேரை நான் ஒருதரம்கூட வாயால் சொன்னதில்லை, எழுதியதோடு சரி. பார்த்தவர் பேரைச் சொன்னால் குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும் என்று நம்பியவள் அவள்தானே. நான் ஓடையைப் பார்த்து நின்று அவள் பேரைச் சொன்னேன். மூன்று தரம், ஒவ்வொரு தரமும் இன்னும் சத்தமாக. மானாப்புல் அசைந்தது, வெறும் காற்று. மேலே இருந்து கங்காணி, நிரையில் நின்று யாரைக் கூப்பிடுகிறாய் என்று அதட்டினான். மதினி முனியாண்டிக்கென்று வைத்திருந்த வசவை முழுசாக அவனுக்குச் சொல்லிவிட்டு, கொழுந்தில் கையை வைத்தேன்.